அளவு சரி, ஆள் சரியா?

பழைய ஆஸ்பிரின் குப்பியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஈரம் ஆஸ்பிரினை இரண்டாக உடைத்துவிடுகிறது. ஒன்று சாலிசிலிக் அமிலம். இன்னொன்று, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். வயிற்றைப் புண்ணாக்கும் சாலிசிலிக் அமிலத்தைச் சாதுவாக்கத்தான், 1897-ல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதனோடு அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தார். ஈரம் அந்த வேலையைத் தலைகீழாகச் செய்துவைக்கிறது.

மருந்துப் பகுப்பாய்வு படிப்பவர்களுக்கு இந்தக் குப்பியைவிட நல்ல பாடம் கிடையாது. இது என்ன பொருள் என்று கேட்பது பண்பறி பகுப்பாய்வு. எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது அளவறி பகுப்பாய்வு. கல்லூரிகளில் இரண்டையும் தனித்தனிப் பயிற்சிகளாக நடத்துவதால், முதலாவதை ஏதோ சின்னப் பிள்ளை வேலை என்றும் இரண்டாவதுதான் உண்மையான வேதியியல் என்றும் மாணவர்களுக்கு ஓர் எண்ணம் வந்துவிடுகிறது.

இரண்டாவதில் கைத்திறன் வேண்டும் என்பது உண்மைதான். ஆஸ்பிரின் தூளில் 1.5 கிராம் துல்லியமாக எடைபார்த்து, ஆல்கஹாலில் கரைத்து, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். ஒரு மூலக்கூறு ஆஸ்பிரினுக்கு இரண்டு மூலக்கூறு காரம் செலவாகும். ஆறியதும் பீனால் ரெட் சில சொட்டு விட்டால் கரைசல் சிவக்கும். மீந்திருக்கும் காரத்தை, ப்யூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அளக்க வேண்டும். சிவப்பு மஞ்சளாகும் சொட்டில் குழாயை மூடிவிட வேண்டும். தூள் சுத்தமானது என்றால் 33.3 மி.லி. காரம் செலவாகி 16.7 மி.லி. மீந்திருக்கும். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மி.லி. தூய்மைக்கு மருந்து நூல் (ஃபார்மகோப்பியா) விதிக்கும் எல்லை 99.5 முதல் 100.5 சதவீதம். ஆக, நான்கு சொட்டு தள்ளிப்போனால் நல்ல தூளும் தேறாது. கொதிக்கும்போதும் ஆறும்போதும் காரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்பதால், தூளே போடாமல் ஒருமுறை இதையெல்லாம் செய்து ஒப்பிடவும் வேண்டும். இதற்குப் பெயர் பிளாங்க். நேரமில்லை என்று பலர் தாண்டிப்போவது இதைத்தான்.

இப்போது அந்த வினிகர் வாடைக் குப்பிக்கு வருவோம். காரத்தில் கொதிக்கவைப்பதே ஆஸ்பிரினை அந்த இரண்டு அமிலங்களாக உடைக்கத்தான். ஈரம் முன்கூட்டியே உடைத்துவைத்திருந்தால் ப்யூரெட்டுக்கு வித்தியாசம் தெரியாது. எப்படியும் அதே காரம்தான் செலவாகும். நூற்றில் ஒரு மூலக்கூறு உடைந்து, அதிலிருந்து வந்த அசிட்டிக் அமிலம் முழுவதும் ஆவியாகிப் போயிருந்தால்கூடக் கணக்கு 99.7 சதவீதம் என்றே வரும். அதாவது தேர்ச்சி!

அங்கே கைகொடுப்பது அந்தச் சின்னப் பிள்ளை வேலைதான். தூளை ஆல்கஹாலில் கரைத்து ஃபெரிக் உப்புக் கரைசல் சில சொட்டு விட்டால் போதும், ஊதா நிறம் எழும். சாலிசிலிக் அமிலத்தின் பீனால் தொகுதி இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. ஆஸ்பிரினில் அந்தத் தொகுதியை அசிட்டைல் மூடியிருப்பதால் நல்ல தூளில் நிறம் வராது. தெரிந்த அளவு சாலிசிலிக் அமிலம் கலந்த கரைசலை இன்னொரு நெஸ்லர் குழாயில் எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் வைத்து மேலிருந்து பார்த்தால், சிதைவு வரம்பைத் தாண்டியதா என்பதும் தெரிந்துவிடும். இன்று பெரிய ஆய்வகங்களில் எச்.பி.எல்.சி. கருவி ஆஸ்பிரினையும் சாலிசிலிக் அமிலத்தையும் தனித்தனி முகடுகளாகப் பிரித்தே அளந்து தந்துவிடுகிறது. இருந்தாலும், அந்த ஊதாவைக் கண்ணால் பார்த்தவருக்கே முகட்டின் அர்த்தம் சட்டென்று பிடிபடும் என்பது என் கட்சி.

இது ஆய்வகத்துக்குள் அடங்கிவிடும் விஷயமல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் அதை ஊசியாகப் போட்டுக்கொண்ட பலருக்குத் திடீரென ரத்த அழுத்தம் சரிந்தது; உயிரிழப்புகளும் நேர்ந்தன. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் மலிவான வேறொன்று கலந்திருந்தது: குருத்தெலும்பில் கிடைக்கும் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டில் கூடுதல் சல்ஃபேட்டை வேதிமுறையில் ஏற்றிய பொருள். அன்றைய அமெரிக்க மருந்து நூலின் அளவுச் சோதனை, செம்மறியாட்டுப் பிளாஸ்மா உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று பார்ப்பது. கலப்படப் பொருளும் உறைவைத் தாமதப்படுத்தும் என்பதால் சோதனை அதையும் ஹெப்பாரின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. என்.எம்.ஆர். நிறமாலையும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸும்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தன.

2008-லேயே அந்த இரண்டும் அடையாளச் சோதனைகளாக மருந்து நூலில் ஏறின. அடுத்த ஆண்டு அளவுச் சோதனையையும் மாற்றினார்கள். உறைவைத் தாமதப்படுத்தும் எல்லாவற்றையும் எண்ணுவதை விட்டு, ஆன்டித்ராம்பின் என்ற ரத்தப் புரதத்தின் வழியாக, உறைவை உண்டாக்கும் த்ராம்பினை அடக்கும் திறனை மட்டும் புதிய முறை அளக்கிறது. ஹெப்பாரினுக்கு அந்தத் திறன் நிறையவே உண்டு; அந்தக் கலப்படத்துக்கு அநேகமாகக் கிடையாது.