விசாரணையில்லாத் தீர்ப்பு

உடல் பருத்தவரைக் கண்டால் உலகம் நகைக்கிறது. நாவடக்கம் இல்லாதவர் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி வழக்கை முடித்துவிடுகிறது. பிரதிவாதியின் வாக்குமூலத்தைக் கேளாமல் கூறப்படும் தீர்ப்பை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது. ஆயினும் ஆகார விஷயத்தில் வைத்தியர்களும் உற்றாரும் நெடுங்காலமாக அவ்வாறே செய்து வந்திருக்கின்றனர். இந்த அநீதியை ஒரு வைத்தியர் தற்செயலாக உணர்ந்த வரலாற்றை நமது நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஸான் டியாகோ நகரில், கெய்ஸர் பெர்மனெண்டே என்னும் வைத்திய ஸ்தாபனத்தில் டாக்டர் வின்ஸென்ட் ஃபெலிட்டி 1980-களில் எடை குறைக்கும் சிகிச்சையொன்றை நடத்தி வந்தார். வழக்கமான உணவை நிறுத்தி, சத்துக்கள் சேர்ந்த பானத்தை மட்டும் அளிக்கும் முறை அது. சிகிச்சை நன்றாகப் பலித்தது. ஆனால், பாதியில் விலகியோரில் பெரும்பாலோர் எடை குறைந்து வந்தவர்களே என்று கண்டு அவர் திகைத்தார். பலிக்கிற மருந்தை விட்டு நோயாளி ஓடுவானேன்?

விலகியவர்களை அழைத்து ஒவ்வொருவராக விசாரித்தார். ஒரு பெண்மணியிடம், தேக சம்பந்தம் முதன்முதலில் நேர்ந்தபோது வயது என்ன என்று கேட்க எண்ணியவர், நாத் தவறி, எடை என்ன என்று கேட்டுவிட்டார். 40 ராத்தல் என்று அவள் விடையிறுத்தாள். அது ஏறக்குறைய 5 வயதுக் குழந்தையின் எடை. கொடுமை இழைத்தவன் பெற்ற தகப்பன்!

பிறகு அவரும் அவருடைய சகாக்களும் 286 பேரை விசாரித்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பால பருவத்தில் பாலியல் கொடுமைக்கு இரையானவர்கள் என்று தெரிய வந்தது. மிகுதியும் மெலிந்திருந்த வேறொரு பெண்மணி, உடன் வேலை செய்த ஒருவன் தகாத நோக்குடன் அணுகியதும், மூன்றே வாரத்தில் 37 ராத்தல் ஏறிவிட்டாள். பருமனே அவளுக்குக் கவசம்; அதைக் கழற்றும்படி வைத்தியர் வற்புறுத்தியிருக்கிறார். நாம் நோயென்று இகழ்ந்தது, துன்புற்றவர் தமக்குத் தாமே தேடிக்கொண்ட மருந்தாயிருந்தது.

1990-இல் அட்லாண்டா நகரில் கூடிய நிபுணர்கள் சபையில் ஃபெலிட்டி இதை எடுத்துரைத்தபோது, நோயாளிகள் தங்கள் தோல்விக்குச் சாக்காகக் கட்டிய கதை இது என்று ஏளனம் எழுந்தது. அவர் தளரவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000-க்கு மேற்பட்டோரிடம் சாட்சியம் திரட்டினார். முதலில் விடையளித்த 9,508 பேரைப் பற்றிய முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. அவர்களில் சரிபாதிக்கு மேற்பட்டோர் இளமையில் ஏதேனும் ஒருவகைக் கொடுமையையோ, குடும்பச் சீர்குலைவையோ அனுபவித்தவர்கள். நான்கு வகைகளுக்குக் குறையாமல் அனுபவித்தவர்களிடம், குடிவெறி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியவை 4 முதல் 12 மடங்கு அதிகமாயிருந்தன.

சாட்சியத்தை மிகைப்படுத்துவது நமது வழக்கமன்று. அதே ஆராய்ச்சியில் கடும் உடற்பருமனின் ஏற்றம் சுமார் ஒன்றரை மடங்கே. பாரம்பரியம், வறுமை, கிடைக்கும் உணவின் தன்மை ஆகியவையும் உடலைப் பருக்கச் செய்கின்றன. பருத்தவர் யாவரும் இளமையில் கொடுமைப்பட்டவர் என்று கொள்வது மற்றோர் அவசரத் தீர்ப்பாகவே முடியும். எனினும், கட்டுக்கடங்காமல் உண்பதை 2013-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தனி நோயாகவே அங்கீகரித்தது. இனியும் அதை வெறும் பெருந்தீனி என்று பழிப்பது அறியாமையாகும்.

இத்தனை ஆண்டுகள் இவ்வுண்மை மறைந்திருந்தது ஏன்? கேட்பாரில்லை, ஆகவே சொல்வாருமில்லை. குடும்ப மானம் என்னும் திரைக்குப் பின்னே குற்றவாளி கௌரவத்துடன் உலவுகிறான்; குழந்தை மட்டும் ஆயுள் முழுவதும் தண்டனை அனுபவிக்கிறது. குழந்தையின் வாயை அடைத்துக் காக்கப்படும் மானம் மானமாகுமா? பொதுநலம் பேசுவோர் தங்கள் வீட்டு வாயிலிலிருந்தே இத்தொண்டைத் தொடங்கலாம். குழந்தை நடுங்கிக்கொண்டு ஒன்று சொல்ல வருமாயின், அதட்டாமல் கேளுங்கள், நம்புங்கள், குற்றவாளி எத்துணை நெருங்கிய உறவாயினும் அவனிடமிருந்து அதைக் காப்பாற்றுங்கள். உண்பவரைப் பழிக்கு முன், அவருக்கு நேர்ந்தது என்ன என்று ஒருமுறை கேளுங்கள். முதலில் விசாரணை, பிறகே தீர்ப்பு என்பது நியாயஸ்தலத்துக்கு மட்டும் உரிய தர்மமன்று.