நீண்ட பிரெஞ்சு வினையும் நம்மூர் அசையும்

மகள் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள், நீளமான வினைச்சொல் வந்தால் திணறுகிறாள் என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அம்மா, குறை நாக்கில் இல்லை. எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள், அசையசையாக வாசிக்கவேண்டும்.

பிரெஞ்சில் உயிரொலி எத்தனையோ அசையும் அத்தனை. நம் யாப்பைப்போல் இரண்டு குறில் இணைந்து நிரையாவது அங்கே கிடையாது. இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் நின்றால் பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு நின்றால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும்: ‘பார்’ என்னும் வினை ரெ-கார்-தே. ‘ஃப்ள’ போன்ற கூட்டு மட்டும் பிரியாது. வில்லுப்பாட்டில் குடத்தில் விழும் அடிபோல எல்லா அசையும் ஒரே சீராக விழ, கடைசி அசை சற்று நீளும்.

‘யோசித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதற்குப் பிரெஞ்சில் 15 எழுத்து. வாயில் வருவது நாலே அசை: ரே-ஃப்ளே-ஷி-ஸெ. கடைசி ஐந்து எழுத்தும் சேர்ந்து ஒரே ஓர் எகரம்! நமக்கு ‘ஆன்’, ‘ஆர்கள்’ என்று விகுதி காதில் விழும். அங்கே யோசித்தது அவனா, அவர்களா என்பது தாளில்தான் தெரியும்.

வினை உயிரில் தொடங்கினால் மட்டும் குட்டு உடைந்துவிடும். ‘அவன் நேசித்தான்’ இ-லெ-மெ. ‘அவர்கள் நேசித்தார்கள்’ இல்-ஸெ-மெ. அந்த ‘ஸெ’யைத் தொண்டை அதிரச் சொல்லவேண்டும். ‘அவர்கள்’ என்னும் சொல்லின் கடைசியில் ஊமையாக நின்ற பன்மை எழுத்து, உயிரைக் கண்டதும் வாய் திறக்கிறது. எனக்கு அலுக்காத அதிசயம் இது. முதல் தொடரில் லகரம் அடுத்த சொல்லின் உயிரில் ஏறியதையும் பாருங்கள். ‘பால் எடு’ என்பதை நாம் ‘பாலெடு’ என்பதும் இப்படித்தான்; 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் இதற்கு விதி எழுதிவிட்டார்.

தொல்காப்பியத்தைக் கேட்டு ஏற்றவராகப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசானை நம்மூர்க்காரர் என்று கொண்டாடுகிறோம். அசை பிரிக்கும் அலகிடுதலையோ பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு குறளுக்கு வாய்பாடு எழுதுவதோடு முடித்துவிடுகிறோம். பிறகு மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். காதைப் பழக்காமல் எந்த மொழியைக் கொடுத்து என்ன பயன்?

மகளைத் தினமும் ஒரு குறளை அசை பிரித்து உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். அதே வாயோடு பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறக்கட்டும். சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதி மனப்பாடம் செய்ய மட்டும் விடாதீர்கள்.