மந்தை இல்லாத மேய்ப்பன்

இங்கிலாந்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு வயது நிரம்பாத நாய் ஒன்று கூண்டுக் கம்பியருகே நிற்கிறது. கறுப்பும் வெள்ளையும் கலந்த உடல், கூர்மையான கண்கள். ‘பார்டர் கோலி’ என்னும் மேய்ப்பு நாய் இனத்தைச் சேர்ந்தது. அதை வளர்த்த குடும்பமே அதை இங்கு ஒப்படைத்துவிட்டது. ஓடி விளையாடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வியது, சைக்கிள்களைத் துரத்தியது, தனியே விட்டால் கதவைப் பிறாண்டியது. இவையே அதன் குற்றங்கள். அப்படியானால் இது கெட்ட நாயா?

இதற்கு விடை காண ஓநாயிடமிருந்து தொடங்க வேண்டும். ஓநாய் இரையை உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கடித்துக் கொல்லும். இச்செயல்கள் ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஓநாயின் வழிவந்த நாயிடமும் இச்சங்கிலி உண்டு. மேய்ப்பு நாயிடம் முற்பகுதி வலுப்பெற்றிருக்கிறது. கொல்லும் பிற்பகுதி அடங்கியிருக்கிறது. அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேமண்ட் காப்பிங்கர் இதனை இவ்வாறு விளக்கினார். ஆடுகளை நகர்த்த, பார்வையும் பதுங்கலும் துரத்தலுமே போதுமல்லவா?

இம்மாற்றம் தானாக வந்ததன்று. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்து ஆட்டிடையர்கள், நன்கு வேலை செய்யும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினர். 1893-இல் நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ‘ஹெம்ப்’ என்ற நாய் பிறந்தது. குரைத்து மிரட்டாமல், பார்வையாலேயே ஆடுகளை நடத்தியது அது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதையாக அதுவே கருதப்படுகிறது.

இப்போது நம் நாய்க்குட்டியின் ‘குற்றங்களை’ மீண்டும் பாருங்கள். மந்தை இல்லாத வீட்டில், ஓடும் குழந்தையும் உருளும் சக்கரமுமே அதற்கு மந்தை! கவ்வும் பழக்கமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. பிறந்து ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தை அறிமுகம் செய்துகொள்ளும் பருவம். அப்போது பண்ணைக் கொட்டிலின் அமைதியை மட்டுமே கண்ட குட்டி, பின்னர் நகரத்து இரைச்சலைக் கேட்டு மிரளலாம். அச்சம் மிகுந்தால் அது கடிக்கவும் கூடும்.

‘அப்படியானால் ஆட்டுப் பண்ணைக்கே அனுப்பிவிடலாமே’ என்று தோன்றும். ஆனால் எல்லாக் குட்டிகளுக்கும் ஆடுகளிடம் நாட்டம் இருப்பதில்லை. நாட்டம் இருந்தாலும் பயிற்சி வேண்டும். பயிற்சியற்ற நாய் ஆடுகளைத் துரத்தினால் அவை காயமுறலாம். சினை ஆடுகள் கருக்கலையலாம். நாய் கால்நடைகளைத் துன்புறுத்தினால் அதன் உரிமையாளர் குற்றவாளி என்று பிரிட்டனின் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மந்தையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் விவசாயி அந்நாயைச் சுட்டுக் கொன்றாலும், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆட்டுக்காகவே உருவான இனத்துக்கு ஆட்டாலேயே உயிராபத்து!

ஆகவே, வீடு தேடுவோர் நாயின் அழகை விளம்பரப்படுத்துவது போதாது. அது எதைக் கண்டு துரத்துகிறது, எதற்கு அஞ்சுகிறது, எவ்வளவு நேரம் தனித்திருக்கும் என்பவற்றைச் சில நாட்கள் கவனித்து, குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். குதிகாலைக் கவ்வும் நாயைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுப்பது இருவருக்கும் நல்லதன்று.

ஏற்றுக்கொள்வோரும் ஒன்றை அறிய வேண்டும். நாள் முழுவதும் பந்தை எறிந்து ஓடவிடுவது மட்டும் இதற்கு மருந்தாகாது. அது துரத்தும் வெறியையே வளர்க்கக்கூடும். மோப்பம் பிடித்துப் பொருளைத் தேடுதல், சொற்களைக் கற்றல் போன்ற மூளை வேலையும் வேண்டும். அமெரிக்காவில் ‘சேசர்’ என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றதாக 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்தகைய மூளை சும்மா இருக்குமா? எனினும், வேலைக்குப்பின் அமைதியாகப் படுத்து உறங்கவும் இளமையிலேயே பழக்க வேண்டும்.

கூண்டில் நிற்கும் அந்த நாய் கெட்டதன்று. வேலை கிடைக்காத தொழிலாளி. அதன் இயல்பை அறிந்தவர் வீட்டில் சேர்த்தால், அது மறுபடியும் கூண்டுக்குத் திரும்ப வேண்டியிராது.