மேயர்கள் கைகுலுக்கிய பிறகு

வெளிநாட்டு நகரங்களுடன் சகோதர ஒப்பந்தம் போடுவதில் நம் மாநகராட்சிகள் சளைத்தவை அல்ல. அந்த உறவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

மும்பைக்கு 1965 முதல் யோகஹாமா சகோதர நகரம். 1968 முதல் ஸ்டுட்கார்ட். 1972 முதல் லாஸ் ஏஞ்சலிஸ். ஜெய்ப்பூருக்குக் கால்கரி, புனேவுக்கு சான் ஹோசே, தில்லிக்கு சிகாகோ. சென்னைக்கு ரஷ்யாவின் வோல்கோகிராட், அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ. சொந்தபந்தம் என்று பார்த்தால் நம் பெருநகரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இவற்றில் ஏதாவதொரு நகரத்தின் மாநகராட்சிப் பள்ளிக்குள் நுழைந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் "உங்க ஊருக்கு எந்த ஊர் சகோதரி?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வியே புரியாமல் விழிப்பாள்.

ஒப்பந்த விழாக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒரு பரதநாட்டியம். ஒப்பந்தத்தில் வணிகம், கலாசாரம், கல்வி என்ற மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெறும். வணிகத்தைப் பார்த்துக்கொள்ளத் தொழிலதிபர்களின் சங்கங்கள் இருக்கின்றன. கலாசாரத்துக்கு நடனக் குழுக்கள் இருக்கின்றன. ஸ்டுட்கார்டில் 2004 முதல் இந்தியத் திரைப்பட விழாவே நடந்து வருகிறது. கல்விதான் யாருடைய பொறுப்பும் இல்லாமல் நிற்கிறது. வெளிநாட்டுப் பள்ளிகளோடு மாணவர் பரிமாற்றம் நடத்துவது பெரும்பாலும் வசதி படைத்த தனியார் பள்ளிகள். அவை மாநகராட்சியைக் கேட்டு நடத்துவதில்லை. அவற்றுக்கு அதற்கான தேவையும் இல்லை.

சகோதர நகரம் என்ற ஏற்பாடே சாதாரண மக்களை நம்பித் தொடங்கியது. அரசாங்கங்கள் பேசிக்கொள்வது போதாது, மக்கள் நேரடியாகப் பழக வேண்டும் என்று 1956இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஒரு திட்டத்தை அறிவித்தார். அமெரிக்க நகரங்கள் உலகெங்கும் உறவு தேடிக் கிளம்பியது அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. ஐரோப்பாவில் கதை இன்னும் பழையது, இன்னும் கசப்பானது.

மும்பையின் சகோதரியான ஸ்டுட்கார்டிலிருந்து வடக்கே உள்ளூர் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் லுட்விக்ஸ்பர்க். பெரிய அரண்மனை கொண்ட நடுத்தர ஊர். 1950இல் இந்த ஊர் பிரான்சின் மோன்பெலியாருடன் உறவு பூண்டது. பிரெஞ்சு, ஜெர்மானிய நகரங்களுக்கிடையே முதலாவது அதுதான். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். ஜெர்மானியப் படைகள் பிரான்சை ஆக்கிரமித்திருந்த நாட்களை யாரும் மறந்திருக்கவில்லை. மோன்பெலியாரின் மேயர் லூசியன் தராடேன், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிரோடு திரும்பியவர். ஜெர்மானிய ஊர் ஒன்றோடு உறவு கொள்ளலாம் என்று சொல்ல இவரைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க முடியாது. ஒரு பழைய தொடர்பும் கைகொடுத்தது. சுமார் நான்கு நூற்றாண்டுகள், 1793 வரை, மோன்பெலியார் வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தின் வசம் இருந்த பூமி.

அதே லுட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் ஜெர்மானிய இளைஞர்களிடம் பேசினார், அவர்கள் மொழியிலேயே. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் போர்க் கைதியாகக் கிடந்தவர் அவர். நான்கு மாதம் கழித்து, 1963 ஜனவரி 22 அன்று, அவரும் ஜெர்மானியப் பிரதமர் அடனாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஒப்பந்தம் காகிதத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே இரு நாடுகளுக்கும் பொதுவாக ஓர் இளைஞர் அலுவலகம் திறக்கப்பட்டது. இரு அரசுகளும் சரிபாதி பணம் போடுகின்றன. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் அதன் மூலம் எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். சகோதர உறவு பூண்ட ஊர்களின் எண்ணிக்கை சுமார் 2,200 ஜோடி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அலுவலகம் பிள்ளைகளை மந்தையாகத் திரட்டி அனுப்புவதில்லை. பயணச் செலவில் ஒரு பங்கு தருகிறது, அழைத்துப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறது. மற்றதெல்லாம் ஊரின் வேலை. பள்ளியோ, விளையாட்டுச் சங்கமோ, இசைக் குழுவோ, நகராட்சியின் நட்புறவுக் குழுவோ பொறுப்பேற்கிறது.

இரண்டு ஆசிரியர்கள், ஒரு படிவம்

எங்கும் பரிமாற்றத்தின் உண்மையான அமைப்பாளர்கள் மேயர்கள் அல்ல. இந்தப் பக்கம் ஓர் ஆசிரியர், அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நம்பினால் வண்டி ஓடும். ஓர் ஆண்டுக்கு முன்பே, தொலைவு அதிகமானால் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, வேலை தொடங்க வேண்டும். எந்த வாரம் இரு பள்ளிகளுக்கும் ஒத்துவரும்? எந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை? எத்தனை பேர்?

அதன் பிறகுதான் படிவம் வருகிறது. என்ன சாப்பிடுவாய், என்ன ஒத்துக்கொள்ளாது, வீட்டில் நாய் பூனை உண்டா, யாராவது புகைபிடிப்பார்களா, தனி அறையா, உடன்பிறப்போடு பகிர்ந்துகொள்ள வேண்டுமா, கால்பந்தா, வயலினா? அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்விகளில்தான் பயணத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது. நாய்க்குப் பயந்த பிள்ளையை மூன்று நாய் வளர்க்கும் வீட்டில் விட்டால் எந்த நட்புறவு வாழும்? ஜோடி சேர்ப்பதில் கைதேர்ந்த ஆசிரியர்கள் கல்யாணத் தரகர்களுக்குச் சமம். சேர்த்த ஜோடி ஒத்துவராவிட்டால் மாற்றி அனுப்ப இன்னொரு வீட்டையும் தயாராக வைத்திருப்பார்கள்.

கணக்கு எளிது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. என் வீட்டில் உன் பிள்ளை, உன் வீட்டில் என் பிள்ளை. ஹோட்டல் செலவு மிச்சம் என்பது இதில் சின்ன லாபம். தன் பிள்ளை நாளை அங்கே போய்த் தூங்கப்போகிறது என்று தெரிந்த தாய், வந்த பிள்ளையை விருந்தாளியாக நடத்தமாட்டாள். தட்டைக் கழுவச் சொல்வாள், நேரத்துக்கு எழுப்பிவிடுவாள். சுற்றுலாவில் கிடைக்காதது இதுதான்.

வகுப்போடு போகும் பயணம் ஒரு வாரம், பத்து நாள். அது போதாதவர்களுக்கு நீண்ட திட்டங்களும் இருக்கின்றன. ஒன்றில் சுமார் மூன்று மாதம் மற்றவர் வீட்டில் தங்கி அந்த ஊர்ப் பள்ளிக்கே போகலாம். வோல்ட்டேர் பெயரிலான இன்னொன்றில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. பதினைந்து வயதில் ஒரு வருடம் ஒரே ஆளோடு இரண்டு வீடுகளில் வாழ்வது சாமானியமல்ல. நட்பு முறிவதும் உண்டு. அதற்காகத் திட்டத்தை நிறுத்துவதில்லை.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிகளில் ஜெர்மன் படிப்போரும் ஜெர்மானியப் பள்ளிகளில் பிரெஞ்சு படிப்போரும் குறைந்து வருகிறார்கள். ஆங்கிலம் இருவரையும் விழுங்குகிறது. பல ஊர்களில் நட்புறவுக் குழுக்காரர்களின் தலை நரைத்துவிட்டது. 2019இல் ஆகன் நகரில் கையெழுத்தான புதிய ஒப்பந்தம், பொதுமக்களின் முயற்சிகளுக்குத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தியது இந்தக் கவலையால்தான்.

நம் ஊரில் யாரைக் கேட்பது?

இதை இங்கே செய்ய நினைத்தால் முதல் முட்டுக்கட்டை நாற்காலி. தில்லி மேயரின் பதவிக்காலம் ஓர் ஆண்டு. ஒரு மேயர் தொடங்கிய பரிமாற்றத்தில் பிள்ளைகள் விமானம் ஏறும்போது அவர் முன்னாள் மேயராகியிருப்பார். அதுகூடப் பரவாயில்லை; மேயரே இல்லாத காலமும் உண்டு. சென்னை மாநகராட்சி 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் இருந்தது. மும்பையில் 2022 மார்ச்சுக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அதே நிலை இருந்தது. அதிகாரம் ஆணையரிடம். ஆணையர் எப்போது மாற்றப்படுவார் என்பது அவருக்கே தெரியாது. வெளியுறவு மத்திய அரசின் விஷயம் என்பதால் கோப்பு தில்லிக்கும் போய்வர வேண்டும்.

அடுத்தது வீடு. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் ஹோட்டல் மட்டுமல்ல, குடும்பமும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் சட்டம். பயப்பட ஒன்றுமில்லை, நிரப்ப வேண்டியது ஒரு படிவம். ஆனால் போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள். பிள்ளை இங்கிருந்து ஐரோப்பா போக விசா கேட்கும்போது தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். பிரிந்து வாழும் குடும்பத்தில் அதுவே பெரிய போராட்டம்.

இவையெல்லாம் ஆசிரியர் ஒருவர் மெனக்கெட்டால் தீரும். தீராதது வேறொன்று. மும்பையில் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தின் பிள்ளை, ஸ்டுட்கார்டிலிருந்து வரும் தோழியை எங்கே படுக்க வைப்பாள்? 'உன் வீடு, என் வீடு' கணக்கு இங்கே உடைகிறது. வீடு உள்ளவன் மட்டும் போகலாம் என்றால் பரிமாற்றம் பணக்காரப் பிள்ளைகளுக்கே மிஞ்சும். இப்போது நடப்பதும் அதுதான். இதற்கும் பிரெஞ்சு, ஜெர்மானிய அலுவலகத்திடம் ஒரு வழி இருக்கிறது. இரு தரப்புப் பிள்ளைகளும் வீட்டில் அல்லாமல் மூன்றாவது இடம் ஒன்றில், முகாமிலோ விடுதியிலோ, சேர்ந்து தங்கலாம். சேர்ந்து சமைக்கலாம், நாடகம் போடலாம். வீட்டில் தங்குவதற்கு ஈடாகாதுதான். ஆனால் ஏழைப் பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்தாது.

விடுதி வழி இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. கிராமப்புறப் பிள்ளைகளுக்காக 1985-86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் தொடங்கிய நவோதயா பள்ளிகள் இன்று 650க்கும் மேல். ஒவ்வொரு பள்ளிக்கும் வேற்றுமொழி மாநிலத்தில் ஓர் இணைப் பள்ளி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதம் பிள்ளைகள், 80 பேர் உள்ள வகுப்பில் 24 பேர், ஓர் ஆண்டு முழுக்க அங்கே போய்ப் படிக்க வேண்டும். அங்கிருந்து அதே அளவு பேர் இங்கே வருவார்கள். ஆசிரியர் துணையோடு ரயிலில் இரண்டு மூன்று நாள் பயணம். இந்தி பேசும் மாவட்டத்துப் பள்ளியில் மூன்றாவது மொழியாக எதைக் கற்றுத் தருவது என்பதும் வரும் பிள்ளைகளைப் பொறுத்தது: எந்த மாநிலத்திலிருந்து வருகிறார்களோ அந்த மாநில மொழி. விருந்தாளிக்காக ஒரு பள்ளியே மொழி படிக்கிறது. ஐரோப்பாவில்கூட இப்படி ஒரு விதியைக் காண்பது கடினம்.

பிள்ளையைத் தொலைவில் அனுப்பத் தயங்கும் பெற்றோர், சப்பாத்திக்கும் சோற்றுக்கும் இடையே திண்டாடும் வயிறு, முதல் மாத அழுகை எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனாலும் திட்டம் நடக்கிறது. காரணம், அது எந்தத் தனி மனிதரின் ஆர்வத்தையும் நம்பி இல்லை. ஆண்டு அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. (மும்மொழித் திட்டத்தை ஏற்காத தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி இல்லை, வழக்கு 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பிள்ளை பக்கத்து ஊரைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.)

சகோதர நகரங்களுக்கு இதே அட்டவணை ஒழுங்கைக் கொண்டுவர மாநகராட்சிகளால் முடியாதா? ஜெர்மனியில் பள்ளிக் கட்டடம்தான் நகராட்சியுடையது. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. மும்பை மாநகராட்சியோ சொந்தமாக நூற்றுக்கணக்கான பள்ளிகளை, ஆசிரியர்களோடு, நடத்துகிறது. சென்னைக்கும் சொந்தப் பள்ளிகள் உண்டு. அதாவது லுட்விக்ஸ்பர்க் மேயரைவிட நம் மேயருக்குப் பள்ளிகள்மீது பிடி அதிகம். ஒரு பள்ளி, ஆங்கிலம் பேசத் தயங்காத ஒரு ஆசிரியை, பன்னிரண்டு பிள்ளைகள், மேயர் மாறினாலும் மாறாத ஒரு வரி பட்ஜெட்டில். தொடங்க இவ்வளவு போதும்.

மும்பை, ஸ்டுட்கார்ட் உறவுக்கு 2028இல் அறுபது வயது நிறைகிறது. விழா எடுப்பார்கள், குத்துவிளக்கும் பொன்னாடையும் இருக்கும். மேடையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி மாணவியும் அவள் ஸ்டுட்கார்ட் தோழியும் நிற்க வேண்டுமானால், அந்தப் படிவம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அச்சாகியிருக்க வேண்டும்.