தங்கவயலுக்கு மஞ்சள் வேண்டாம்

கோலார் தங்கவயலை வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னால், பலரது தூரிகை முதலில் மஞ்சளைத்தான் தேடிப் போகும். ஊருக்குள் வந்து பார்த்தால் மஞ்சளுக்கு அங்கே அதிக வேலை இல்லை. சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்துக் கிடைத்த தங்கம் சில கிராம்தான். மிச்சமெல்லாம் மேடாகக் குவிந்து, ஊருக்கே நிறம் கொடுத்தது.

ஓர் ஊரின் நிறத்தை அதன் கல்லிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுக்கும் வழக்கம் அச்சுக்கலைக்குப் பழையது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவரது சகோதரர் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டைச் சுற்றி வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக வெளிவந்த அவர்களது 'ஓரியண்டல் சீனரி'யில், கோலாருக்குத் தெற்கே உள்ள ராயக்கோட்டையும் ஓசூரும் இடம்பெற்றன. அந்தப் படங்களுக்காகச் செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைப் படியவைத்து அமிலத்தில் அரிக்க விடுவார்கள். பொடிக்கு இடையே அமிலம் புகுந்த இடங்களில் மை தங்கி, அச்சில் மென்மையான நிழலாக விழும். அதன்மேல் நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள். பாறையின் பழுப்பும் தூரத்து மலையின் நீலச்சாம்பலும் அடங்கிய குரலில் பேசுவதுதான் அந்தப் படங்களின் அழகு.

தங்கவயலுக்கும் அந்த அடக்கம் பொருந்தும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட இங்கே கால்வைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டன. எஞ்சி நிற்கும் ஷாஃப்ட் கோபுரங்களின் துருவுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். போல்ட் இருக்கும் இடங்களில் மட்டும் இன்னொரு பூச்சு. அதிகாரிகளின் பங்களாக்களுக்கும், வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து வந்த தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் ஒரே சுவர் நிறத்தைப் பூசுவது பெரிய தவறு. தகர ஓடும், மழைக்கறையும், நீலம் கலந்த சுண்ணாம்பும் லைன் வீட்டுக்கு உரியவை. அந்த நீலம் எங்கும் ஒரே சீராக இருக்காது. திட்டுத் திட்டாகத்தான் விழும். தூரிகையை அரைகுறையாக நனைத்து இழுத்தால் அது அப்படியே வரும்.

கோடுகளை எண்ணெய் மையில் அச்சடித்து நன்றாக உலரவிட்ட பிறகே நீர்வண்ணம் தொட வேண்டும். அவசரப்பட்டால் கருப்பு கலங்கி, நீலம் அழுக்காகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது சயனைடு மேடு, அதாவது தங்கம் பிரித்தபின் மிஞ்சிய அந்தக் கழிவு மேடு. பூமிக்கடியில் கருமையாக இருந்த பாறைதான் மாவாக அரைபட்டு வெளிறிய சாம்பலாகக் கிடக்கிறது. வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறும். மழைநீர் அறுத்த ஓடைகளில் மட்டும் அடர்த்தி தெரியும். 3.3 கோடி டன் அளவுக்குக் குவிந்துள்ள 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தச் சாம்பலை நேரில் பார்த்து வண்ணம் கலக்க நினைப்பவர்கள், மேடுகள் கரைவதற்குள் பங்காருப்பேட்டைக்கு ரயில் ஏறிவிடுவது நல்லது.