மரத்தில் ஏறுமுன் மூன்று கேள்விகள்

ஜூனில் மழை பிடிப்பதற்குள் மரக்கிளைகளைக் கழிப்பது மும்பையில் நம் சொசைட்டிகளின் வழக்கம். மாநகராட்சியிடம் அனுமதி வாங்குகிறோம்; குறைந்த கூலி கேட்பவரிடம் வேலையைக் கொடுக்கிறோம். ஏறுபவரின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்.

முதலாவது: அருகில் மின்கம்பி உண்டா? பச்சைக் கிளையில் நீர் இருப்பதால் மின்சாரம் பாயும். ரயில் பாதைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட். மின்சாரத்தை நிறுத்தி எழுத்து மூலம் அனுமதி பெறாமல் அதற்கு 2 மீட்டருக்குள் வேலை செய்யக் கூடாது என்பது, என் போன்ற ரயில்வேக்காரர்களுக்குக் கற்பித்த பாலபாடம். தெருக் கம்பியிடமும் அதே பயம் வேண்டும். மின் நிறுவனத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்கலாம்.

இரண்டாவது: கிளை எப்படி விழும்? ஓரடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை சுமார் 200 கிலோ இருக்கும். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு அறுப்பவர் பக்கமே வீசும். ஆகவே முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். பெருங்கிளையைக் கயிறு கட்டி மெல்ல இறக்க வேண்டும். கீழே குழந்தைகளோ வேடிக்கை பார்ப்பவர்களோ நிற்கக் கூடாது.

மூன்றாவது: ஏறுபவரைத் தாங்குவது எது? இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு, விழும்போது வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் முழு உடல் பட்டை அவசியம். அதை வெட்டாத, உறுதியான பெருங்கிளையில் மாட்ட வேண்டும். குல்மோஹர் கிளையை நம்பவே கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், சட்டென முறியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், பதறித் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அதுவே கால்களை முடக்கிவிடும். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மின்சாரம் தாக்கியவரை, மின்சாரம் நின்றது உறுதியாகும் வரை தொடாதீர்கள்.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் தினக்கூலிக்காரருக்கு முதலாளி யார் என்ற வழக்கிலேயே காலம் போய்விடும். எனவே காப்பீடு உள்ள ஒப்பந்தக்காரரையே அமர்த்துங்கள்; அதன் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கூலி சற்றுக் கூடும். மரத்தில் ஏறுபவரும் நம்மைப்போல் பிழைக்க ஊர் விட்டு வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது.