மின்புகைக் குழலும் மெய்ம்மை முத்திரையும்

சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏறிச்செல்லும் பண்டங்களுக்கும் சுங்கங் கொள்வோர் புலிப்பொறியிட்டுக் காவல் செய்தனர் என்பது பட்டினப்பாலை கற்றார் அறிந்ததே. பொறியில்லாப் பண்டம் ஐயத்திற்குரியது. பொறியுடையது அரசன் ஆணைக்குட்பட்டது. பண்டத்தின் மெய்ம்மையை ஒரு குறியால் அறியும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று.

அத்துறைக்குத் தெற்கே, தரங்கம்பாடியையும் கடந்து, அதே கடற்கரையில் அமைந்தது காரைக்காலைச் சேர்ந்த எமது கோட்டுச்சேரிமேடு. சென்ற விடுமுறையில் ஒரு மாலை, கரையேற்றிய படகின் நிழலிலே, இளமை முதல் என்னோடு பழகிய நண்பனொருவன் எழுதுகோல் போன்ற சிறு கருவியொன்றைச் சட்டைப்பையினின்றும் எடுத்துக் காட்டினான். "இது போலி இல்லையடா, அசல், உள்ளே சிப்பு இருக்கிறது, பயமில்லை" என்றான். அவன் கூற்றில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கருவியே மின்புகைக் குழல். இக்காலத்து வடிவில் இதனை 2003ஆம் ஆண்டில் அமைத்தவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளர். இதில் மின்கலம் ஒன்றும், சூடேறும் கம்பிச்சுருளும், திரவம் நிறைந்த சிமிழும் உண்டு. திரவம் பெரும்பாலும் நிக்கோட்டின் கலந்தது. கம்பி சூடேறத் திரவம் ஆவியாகி, இழுப்பவன் நுரையீரலிற் புகுகின்றது. கருவி நெடுநாள் உழைப்பது. சிமிழோ தீருந்தோறும் மாற்றற்பாலது. ஆதலின் போலி செய்வோர் கண் சிமிழின்மேலேயே விழுகின்றது.

போலியின் தீங்கு யாதென 2019ஆம் ஆண்டிலே அமெரிக்கா கண்டது. நலமுடனிருந்த வாலிபர் பலர் மூச்சுத்திணறி மருத்துவமனை சேர்ந்தனர். 2020 பிப்ரவரி 18ஆம் தேதி வரையில் நோயுற்றோர் 2,807 பேர். மாண்டோர் 68 பேர். நோயாளிகளிற் பெரும்பாலோர் கஞ்சாச் சத்துக் கலந்த சிமிழ்களை இழுத்தவர்கள். நண்பரிடத்தும் தெருவிலும் பெற்றவர் பலர். வெற்றுச் சிமிழும் அழகிய அட்டைப்பெட்டியும் தனியே விலைக்குக் கிடைத்தமையால், எவரும் எதனையும் நிரப்பி விற்க முடிந்தது. நீர்த்துப்போன சரக்கைக் கெட்டியாகக் காட்டும்பொருட்டு வைட்டமின் ஈ அசிட்டேட்டு என்னும் எண்ணெயைக் கலந்தனர். தோலிற் பூசுதற்குத் தீங்கற்ற அப்பொருள், சூடேறி நுரையீரலை அடைந்தபோது நஞ்சாயிற்று. ஆராயப்பெற்ற 51 நோயாளிகளுள் 48 பேரின் நுரையீரல் நீரில் அது காணப்பட்டது.

இனி, சிப்பு என்பது செய்யும் காவல் யாது? அச்சிட்ட குறியை எவரும் பார்த்து அச்சிடலாம். புலிப்பொறிக்கும் அக்குறை உண்டு. ஆகவே கண்ணுக்குப் புலனாகும் குறியை விடுத்து, உள்ளே மறைந்த இரகசியத்தைச் சான்றாகக் கொள்ளும் முறையை அறிஞர் கண்டனர். இதற்குச் சிலப்பதிகாரமே சிறந்த விளக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒத்திருந்தன. அகத்தேயிருந்த பரல் ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். மெய்ம்மையை உரைத்தது உள்ளிருந்த பரலே. ஆனால் அதனை அறியச் சிலம்பை உடைக்க வேண்டியதாயிற்று.

உடைக்காமலே பரலை அறியும் உபாயந்தான் மின்னணுச் சோதனை. சிமிழிலுள்ள சிப்பு ஓர் இரகசிய எண்ணைத் தாங்கியுள்ளது. சிமிழைப் பொருத்தியவுடன் கருவி, முன்பின் தொடர்பில்லாத ஓர் எண்ணை வினாவாக அனுப்பும். சிப்பு அவ்வினாவையும் தன் இரகசியத்தையும் சேர்த்துக் கணித்து விடையனுப்பும். விடை சரியாயின் கம்பி சூடேறும். தவறாயின் கருவி வாளாவிருக்கும். இரகசியம் ஒருபோதும் வெளிப்படுவதில்லை. வினா ஒவ்வொரு முறையும் வேறாதலின், பழைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கும் பயனில்லை. நம் கைப்பேசியின் சிம் அட்டை தன்னை நிலைநாட்டுவதும் இம்முறையாலேதான்.

எனினும் இக்காவலுக்கும் எல்லையுண்டு. சிம் அட்டையின் பழைய கணிப்பு முறையொன்றை 1998ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் பன்முறை வினவி, மறைந்த எண்ணையே கண்டுபிடித்தனர். மேலும், மெய்யான சிமிழைத் தீர்ந்தபின் துளைத்துக் கண்டதை நிரப்பினால் சிப்பு அதனை அறியாது; வெளிச்சென்ற அளவைக் கணக்கிட்டு, குறித்த எல்லையில் தன்னைப் பூட்டிக்கொள்ளுமாறு அமைத்தாலன்றி அத்தீங்கு நீங்காது.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. சிப்பு "இதனைச் செய்தவர் யார்" என்னும் வினாவுக்கே விடை கூறும். "இது நன்றோ தீதோ" என்னும் வினாவுக்கு வாய் திறவாது. அசலான சிமிழிலும் நிக்கோட்டின் நிக்கோட்டினே. அது வாலிபரை அடிமைப்படுத்தும் தன்மையது. அன்றியும், இந்திய அரசு 2019 செப்டம்பர் 18ஆம் தேதி அவசரச் சட்டத்தாலும், பின் அவ்வாண்டிலேயே நிறைவேறிய சட்டத்தாலும் இக்கருவியைச் செய்தல், இறக்குமதி, விற்பனை, விளம்பரம் முதலிய யாவற்றையும் தடுத்தது. விற்போர்க்கு முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆகவே நம் நாட்டில் மறைவாய் வரும் சரக்குக்குப் பொறுப்பேற்பார் ஒருவருமில்லை. "அசல்" என்று சொல்பவன் விற்பவனே.

அங்ஙனமாயின் இவ்வித்தை வீணோ? அன்று. உயிர் காக்கும் பொருளுக்கே அது முதலில் உரியது. 2023 ஆகஸ்டு 1ஆம் தேதி முதல், பெயர்பெற்ற 300 மருந்துகளின் உறையில் கியூ.ஆர். குறி இடவேண்டுமென்பது இந்திய அரசின் விதி. கைப்பேசியால் அதனை நோக்கின், மருந்தின் பெயர், செய்தவர் முகவரி, தொகுதி எண், செய்த நாள், காலாவதி நாள் ஆகியன புலப்படும். இது புலிப்பொறி போன்ற முதற்படியே, படியெடுக்கக் கூடியது. பரல் போன்ற உட்சான்று மருந்துக்கும் வாய்க்குமாயின், நம் முதியோர் அச்சமின்றி மாத்திரை உட்கொள்வர்.

அன்று மாலை நண்பனுக்கு இவ்வளவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அசலாயிருந்தால் மட்டும் போதுமா?" என்று கேட்டேன். அவன் விடையிறுக்கவில்லை, கருவியைப் பையிலிட்டுக்கொண்டு கடலையே நோக்கியிருந்தான். அவனுக்கு மூச்சடக்கி முத்துக் குளிப்பவர்க்கு நிகரான நுரையீரல் உண்டு. வலை சிக்கினால் நீரில் மூழ்கி விடுவிப்பவன் அவனே. அந்த மூச்சை எந்த முத்திரையை நம்பியும் அவன் பணயம் வைக்கலாகாது. இவ்விதழை அடுத்த விடுமுறையில் அவன் கையிற் கொடுப்பேன்.